மும்பை மழையில் காய்கிற நாப்பி

எட்டு முழ வேட்டி ஒன்றிலிருந்து குழந்தைக்குப் பத்து நாப்பி கிடைக்கும். வெட்டவும் ஓரம் அடிக்கவும் ஒரு மத்தியானம் போதும். அதை ஜூலை மாதத்தில் மும்பைச் செம்பூரில் காய வைப்பதற்குத்தான் எங்களுக்கு முக்கால்வாசி மழைக்காலம் பிடித்தது. இப்போது இரவு சாப்பாடு முடிந்து கொடியில் போட்டால் காலையில் மடித்து வைக்கலாம். ஈர வாடையும் இல்லை. துணி நாப்பி பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் எப்படித் தைப்பது என்றுதான் கேட்கிறார்கள். தையல் சின்ன வேலை. எந்த வடிவத்தில் தைத்தால் காயும் என்பதுதான் பெரிய வேலை, ஆகவே அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் கணக்கு. சின்னவனுக்கு ஐந்து மாதம். ஒரு நாளைக்கு ஆறு டயப்பர், ஒன்று 12 ரூபாய் என்று வைத்தால் 72. மாதத்துக்கு 2,160. பெரியவளுக்கு ஸ்கூல் வேன் பணம் கட்ட ஆரம்பித்த அதே ஜூன் மாதம் இதுவும் சேர்ந்தது. போதாக்குறைக்கு, மழை தொடங்கியதும் அவன் தொடை இடுக்கில் சிவந்துகொண்டே இருந்தது. சரி, துணிக்கு மாறலாம் என்று முடிவு செய்தோம்.

வேட்டிகள் மதுரையிலிருந்து வந்தன. மாமனார் கட்டிப் பழசானவை, மாமியார் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். பழைய வேட்டியில் ஒரு பெரிய வசதி உண்டு. புதுப் பருத்தித் துணியில் நூலின் மெழுகும் ஆலையில் போட்ட கஞ்சியும் இருப்பதால் தண்ணீர் மேலேயே உருண்டு ஓடும். வெந்நீரில் பலமுறை துவைத்த பிறகுதான் உறிஞ்ச ஆரம்பிக்கும். பழைய வேட்டிக்கு அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆனால் எல்லா வெள்ளை வேட்டியும் பருத்தி இல்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் நுனி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். எங்களிடம் வந்ததில் இரண்டு அப்படி மணி கட்டின. நன்றாகப் பளபளத்ததும் அந்த இரண்டுதான். அவை திரைச்சீலைக்கு உள்துணியாகப் போய்விட்டன.

கஞ்சி போட்ட வேட்டியாக இருந்தால் இரவு முழுக்க ஊறவைத்து அலசிவிட வேண்டும். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டுப் பார்க்கலாம். உடனே பரவினால் துணி தயார்.

வெட்டும் அளவு: எட்டு முழம் என்பது 3.6 மீட்டர், அதாவது 141 அங்குலம். அகலம் 50 அங்குலம். இரண்டு பக்கக் கரையையும் ஒரு அங்குலம் விட்டு எடுத்துவிட்டேன். ஜரிகையானாலும் சாயக் கரையானாலும் குழந்தையின் தோலில் உரச வேண்டாம். மீதி 48. அதில் 24 அங்குலச் சதுரம் அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்கு ஐந்து. மொத்தம் பத்து. கடைசியில் 21 அங்குலத் துண்டு ஒன்று மிஞ்சும், அதைத் தூக்கிப் போட வேண்டாம், பின்னால் வேலை இருக்கிறது. கத்தரிக்கோலால் முழுக்க வெட்டாமல் ஓரத்தில் அரை அங்குலம் நறுக்கிவிட்டுக் கையால் கிழித்தேன். நூல் போகும் வழியிலேயே கிழிவதால் சதுரம் கோணாமல் வருகிறது. அந்தச் சத்தத்துக்காகவே பெரியவள் ஒவ்வொரு கிழிப்புக்கும் ஓடி வந்தாள்.

ஆனால் இந்தச் சதுரங்களை நான் முதலில் செய்யவில்லை. முதல் வேட்டியில் செய்தது மெத்தை.

மாமியார் தன் பிள்ளைகளுக்குத் தைத்த முறை அது. பழைய துணியை எட்டு மடிப்பாக அடுக்கி, 14 அங்குல நீளம், ஐந்தரை அங்குல அகலத்துக்கு வெட்டி, சுற்றி ஒரு தையல், நடுவில் நீளவாக்கில் மூன்று தையல். ஜட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். மடிக்கவும் வேண்டாம், கலையாது. “அத்தை, இது காயுமா?” என்று கேட்டேன். “மொட்டை மாடில போட்டா ஒரு மணி நேரத்துல அப்பளமா காஞ்சிடும்மா” என்றார். மதுரை வெயிலில் அது முழு உண்மை. அங்கே இருந்திருந்தால் நான் இதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன்.

எங்களிடம் இருப்பது உஷா கைமெஷின். கையால் சுற்றுகிற பழைய மாடல், நேர்த் தையல் மட்டும்தான். எட்டு மடிப்புக்கு 14 நம்பர் ஊசி வளைந்துகொண்டது. 16 நம்பர் போட்டதும் இறங்கியது. அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் ஊசியைக் குறை சொல்லாதீர்கள். மேல்நூல் டென்ஷனைக் கால் சுற்று இறுக்கினால் சரியாகிவிடுகிறது. தடிமனான இடத்தில் சக்கரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும், வேகம் காட்டினால் நூல் அறுந்துபோகும். மெத்தைகள் பார்க்க அழகாகவே வந்தன. ஜூன் முதல் வாரத்து வெயிலில் பால்கனி கிரில்லில் மாட்டியதும் காய்ந்தன.

மும்பையில் மழை வழக்கமாக ஜூன் 10, 11 வாக்கில் தொடங்கும். அக்டோபர் முதல் வாரம் வரை போகாது. ஜூலையில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. கொட்டாத நேரத்திலும் காற்றில் ஈரம் 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். இதில் எட்டு மடிப்பு மெத்தை எப்படிக் காயும்? மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். நடுத் தையலில் விரலை அழுத்தினால் சில்லென்று இருக்கும். அதை அப்படியே கட்டினால் சின்னவன் ஒருமுறை நனைத்தவுடனே மூக்கை அறுக்கிற அம்மோனியா வாடை. இஸ்திரி போட்டுப் பார்த்தேன். மேல் இரண்டு மடிப்பு வெந்ததுதான் மிச்சம், ஆவி உள்ளேயே நின்று மறுபடி ஊறியது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து நிற்பதற்கு டயப்பரே வாங்கிவிடலாம்.

அப்போதுதான் சமையல் தராசை எடுத்தேன். இட்லி அரிசி நிறுக்க வாங்கிய, ஒரு கிராம் வரை காட்டுகிற எலக்ட்ரானிக் தராசு. இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவிய கருவி அதுதான். தொட்டுப் பார்த்துச் சொல்வது மழைக்காலத்தில் நம்பக்கூடியதல்ல. குளிர்ந்த துணியும் ஈரத் துணியும் கைக்கு ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டாவது வேட்டியில் கிழித்த 24 அங்குலச் சதுரம் ஒன்றையும் ஒரு மெத்தையையும் ஒன்றாகத் துவைத்து, ஒன்றாகப் பிழிந்து, ஒரே கொடியில் போட்டேன். இரண்டிலும் இருக்கும் துணி ஏறக்குறைய ஒரே அளவுதான். சதுரத்தில் 576 சதுர அங்குலம், மெத்தையில் எட்டு மடிப்பும் சேர்த்து 616. உறிஞ்சும் அளவிலும் பெரிய வித்தியாசம் வராது. பிழிந்து எடுத்தபோது சதுரம் 52 கிராம், மெத்தை 60. ஃபேன் காற்றில் நாலு மணி நேரத்துக்குப் பின் சதுரம் 35, மெத்தை 50. காலையில் சதுரம் 34, மெத்தை 42. மெத்தையின் காய்ந்த எடை 36 என்பதால் விடிந்த பிறகும் அதற்குள் ஆறு கிராம் தண்ணீர் உட்கார்ந்திருந்தது. அந்த ஆறு கிராம்தான் வாடை.

ஒரு சின்னக் குறிப்பு. அதே சதுரத்தை இஸ்திரி போட்டு உடனே நிறுத்தால் 31 காட்டும். கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் 34க்கு ஏறிவிடும். பருத்தி காற்றிலிருந்தே அவ்வளவு ஈரம் இழுத்துக்கொள்கிறது, அது காயாத ஈரம் இல்லை. முதலில் இது தெரியாமல் 31 வரும்வரை காத்திருந்தேன். மழைக்காலத்தில் வராது. உங்கள் துணிக்கு எது கடைசி எடை என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக வடிவம் முடிவாகிவிட்டது. கட்டும்போது பல மடிப்பு, காயும்போது ஒற்றை மடிப்பு. தைத்து இறுக்கக் கூடாது. கடையில் விற்கிற விலை உயர்ந்த துணி நாப்பிகளிலும் உள்ளே வைக்கும் மெத்தை தைத்தே வருகிறது. மூங்கில் நார், கரி என்றெல்லாம் பெயர் போட்டிருந்தாலும் மழைக்காலத்தில் அதற்கும் இதே கதிதான். வாங்குவதானால் பிரித்து விரிக்கக்கூடியதா என்று மட்டும் பாருங்கள். தைத்த மெத்தைகளை உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வொன்றிலும் எட்டுத் துண்டு. அவற்றை இப்போது ஒற்றையாகத் துவைத்து, இரவில் சதுரத்தின் நடுவே நாலைந்து அடுக்கி வைக்கிறேன்.

அடுத்தது ஓரம். கிழித்த ஓரம் துவைக்கத் துவைக்க நூல் நூலாக வரும், குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வழக்கம்போல இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் ஓரம் மூன்று அடுக்காகிறது, மூலையில் ஒன்பது. காலையில் துணி முழுக்கக் காய்ந்து நாலு மூலை மட்டும் ஈரமாக நிற்கும். ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டிப் பார்த்த ஒன்று சில துவைப்பிலேயே பிரிந்தது. என் மெஷினில் ஜிக்ஜாக் தையல் இல்லை. இதற்கு விடை தெருமுனையில் இருந்தது: புடவைக்குப் பிகோ-ஃபால் அடிக்கிற கடை. பிகோ என்பது மடிக்காமல் ஓரத்தில் மட்டும் நெருக்கமாக ஓடும் ஜிக்ஜாக்தானே! ஒரு சதுரத்துக்கு 5 ரூபாய் பேசினோம். கடைக்காரர் பையா, “இவ்வளவு கர்சீப் எதுக்கு?” என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார். நூலின் நிறம் என்ன என்று கேட்டதில் ஒரு யோசனை வந்தது. ஒரு வேட்டிக்கு நீலம், இன்னொன்றுக்குச் சிவப்பு. ஒரு நாள் நீலம், மறுநாள் சிவப்பு என்று கட்டுவதால் எது எந்த நாள் துவைத்தது என்று குழப்பம் இல்லை.

மேலே போடும் உறை அடுத்த வேலை. முதலில் பெரியவளின் கிழிந்த மழைக்கோட்டை வெட்டித் தைத்தேன். செலவில்லை, ஒழுகவும் இல்லை. ஆனால் விறைப்பாக நின்று தொடையைச் சுற்றி அழுத்தியது, உள்ளே வேர்த்து இரண்டே நாளில் சிவந்துவிட்டது. அப்புறம் பி.யு.எல். துணி வாங்கினேன். ஒரு பக்கம் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியெஸ்டர் துணி. நெளிகிறது, தண்ணீர் கசியாது, சீக்கிரம் காயும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மல், ஃபிளானல் எல்லாம் அள்ளலாம். பி.யு.எல்.லுக்கு அலையாமல் ஆன்லைனில் எடுத்துவிட்டேன். ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர், 450 ரூபாய். அதில் ஆறு உறை வந்தது.

பாட்டர்ன் எதுவும் வரைந்து கஷ்டப்படவில்லை. யாரோ கொடுத்த பழைய உறை ஒன்று பிய்ந்து கிடந்தது. எலாஸ்டிக்கைப் பிரித்து, தினசரிப் பேப்பரின் மேல் விரித்துச் சுற்றி வரைந்தேன், ஓரத்துக்கு அரை அங்குலம் கூட்டினேன். நீளம் 18, இடுப்பைச் சுற்றி வரும் இரண்டு காதுகளும் சேர்ந்த இடத்தில் அகலம் 15 அங்குலம். வெட்டும்போது குண்டூசி குத்தக் கூடாது, ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. ஓரங்களைத் துணிக் கிளிப்பால் பிடித்துக்கொண்டேன். அதே காரணத்துக்காக நடுப் பகுதியில் தையலே போகக் கூடாது. நூலும் பருத்தி வேண்டாம். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி வெளியே கடத்தும், பாலியெஸ்டர் நூல்தான் சரி. ஊசி 11 நம்பர். படலம் உள்ள பளபளப் பக்கம் மெஷின் பாதத்தில் ஒட்டி நகராமல் அடம் பிடிக்கும். அதன் மேல் ஒரு பட்டர் பேப்பர் துண்டை வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடுத்தேன்.

எலாஸ்டிக் கால் அங்குல அகலம். கால் வளைவில் பத்து அங்குலத்துக்கு முதலில் ஐந்து அங்குல எலாஸ்டிக்கை இழுத்துத் தைத்தேன். ஒரு தூக்கத்துக்குப் பின் தொடையில் கோடு விழுந்திருந்தது. பிரித்து ஆறரை அங்குலமாக்கினேன். இப்போது சின்ன விரல் உள்ளே போகிற அளவு இடம் இருக்கிறது, ஒழுகலும் இல்லை. முதுகுப் பக்கம் ஐந்து அங்குலத்துக்கு மூன்றரை.

ஊக்கு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். வெல்க்ரோதான். முள் பக்கம் காதுகளில், பஞ்சுப் பக்கம் முன் வயிற்றுப் பட்டையில். முள் பட்டையின் மூலைகளை வட்டமாக வெட்டாவிட்டால் வயிற்றைக் கீறும். அதோடு காதுகளின் உள்பக்கம் ஒரு சிறு பஞ்சுப் பட்டை கட்டாயம் வேண்டும். துவைக்கும்போது முள்ளை மடித்து அதில் ஒட்டிவிடலாம். இதைச் சேர்க்காமல் தைத்த முதல் இரண்டு உறைகள் மெஷினுக்குள் என் பருத்திப் புடவையைப் பிடித்துக்கொண்டு, நூல் நூலாக இழுத்து வைத்தன.

உறையின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்திருப்பதால் அந்த மடிப்பில் படலம் இல்லாத துணிப் பக்கம் தெரியும். ஈர நாப்பி அதைத் தொட்டால் போதும், வெளியே டிரவுசர் வரை நனைந்துவிடும். கட்டி முடித்ததும் விரலால் இரண்டு கால் ஓரத்தையும் சுற்றிச் செருகிவிடுவது பழக்கமாக வேண்டும். ஒழுகுகிறது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மடிப்பு எளிது. சதுரத்தை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் 24-க்கு 8. அதைப் பாதியாக மடித்தால் 12-க்கு 8, ஆறு மடிப்பு. உறைக்குள் அப்படியே படுக்க வைக்கலாம். ஆண் குழந்தைக்கு முன்பக்கம் கூடுதல் மடிப்பு தேவை என்பதால் பாதியாக மடிக்காமல் முன்னால் கொஞ்சம் அதிகம் மடித்துவிடுகிறேன். முன்னே சொன்ன 21 அங்குலத் துண்டை ஏழு அங்குல அகலத்தில் கிழித்து, அதையும் பிகோ அடித்து, தூங்கும் நேரத்தில் நடுவே சேர்க்கிறேன். மேலே பழைய ஃபிளீஸ் போர்வையிலிருந்து வெட்டிய ஒரு பட்டை. ஃபிளீஸ் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே விட்டுவிடும். அவன் அடிப்பக்கம் ஓரளவு உலர்வாக இருக்கும். மலம் போனாலும் பாத்ரூம் ஜெட் ஸ்பிரேயில் ஒரே வீச்சில் கழன்றுவிடும். ஃபிளீஸுக்கு ஓரத் தையலும் தேவையில்லை, பிரியாது.

துவைப்பதில் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீரில் ஊறப்போட்ட வாளியை நான் வைப்பதே இல்லை. தவழப்போகும் குழந்தை உள்ள வீட்டில் நிறைந்த வாளி ஆபத்து, போதாததற்குக் கொசு வேறு. அலசிப் பிழிந்து மூடியுள்ள காலி டப்பாவில் போட்டு வைத்து, மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரத்தில் மெஷினில் போடுகிறேன். தான்சா, பாட்சா என்று ஏரிகளிலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது, சோப்பு நுரை அடங்காது. ஊரில் போர் தண்ணீருக்குப் போட்ட அளவில் பாதி சோப்புத்தூள் போதும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் ஒருபோதும் வேண்டாம். அது நூலின் மேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சலைக் கெடுக்கும். உறைகளைக் கொதிக்க வைக்கக் கூடாது, படலமும் எலாஸ்டிக்கும் போய்விடும். சதுரங்களை எப்போதாவது கொதிக்க வைக்கலாம்.

பிழிவதில்தான் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். எங்கள் மெஷின் செமி ஆட்டோமேட்டிக். தனியாக ஸ்பின் தொட்டி உள்ள இந்த மாதிரி மெஷின்கள் நிமிடத்துக்கு 1,300 சுற்றை ஒட்டிச் சுற்றும். மேலே திறக்கும் ஆட்டோமேட்டிக் பலவற்றில் 700 சுற்றுதான். முதல் ஸ்பின்னில் சதுரம் 58 கிராம். வெளியே எடுத்து உதறி, இடம் மாற்றி வைத்து இன்னொரு ஸ்பின் விட்டால் 52. அந்த இரண்டு நிமிடம் கொடியில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மெஷினை மாற்றலாம் என்று என் கணவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுகிறேன்.

இப்போது கொடி. பால்கனியில் சாரல், அதனால் ஹாலுக்குள்தான். கடையில் கிடைக்கும் சீலிங் ஹேங்கர் செட் விலையும் அதிகம், பெட்ஷீட் தாங்குகிற கனத்துக்குச் செய்தது. எனக்குத் தாங்க வேண்டியது எட்டு நாப்பி, அரைக் கிலோகூட இல்லை. வயரிங்குக்குப் போடும் 25 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப் மூன்று மீட்டர் நீளத்தில் வரும். இரண்டு வாங்கிப் பாதியாக அறுத்தால் ஒன்றரை மீட்டரில் நாலு கம்பம். ஒரு கம்பத்தில் இரண்டு சதுரத்தை முழுசாக விரித்து மாட்டலாம், நாலிலும் சேர்ந்து எட்டு. ஒரு நாள் துவைப்பு அடங்கிவிட்டது. 75 சென்டிமீட்டர் மரச் சட்டம் இரண்டு எடுத்து, அதன் மேல் கம்பங்களை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் கேபிள் டையால் கட்டினோம்.

கூரையில் துளை போட வீட்டு ஓனரிடம் முதலில் கேட்டுக்கொண்டோம். காலி செய்யும்போது அடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எலக்ட்ரீஷியன் ஹாமர் டிரில்லோடு வந்தார். பூச்சு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். அதில் மட்டும் பிடித்தால் ஒரு நாள் தலையில் விழும். 8 மில்லிமீட்டர் பிட்டால் 50 மில்லிமீட்டர் ஆழம் போய், கொக்கி வைத்த ஆங்கர் மூன்று இறுக்கினார். ஃபேனுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவே கூரைக்குள் வயர் போகும் பாதையை விட்டு ஒதுங்கித்தான் போட வேண்டும். ஓரிடத்தில் கம்பி தட்டியது, இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டார். இரண்டு கொக்கியில் ஒற்றைக் கப்பி, சுவரோரக் கொக்கியில் இரட்டைக் கப்பி. இரண்டு பக்கக் கயிறும் இரட்டைக் கப்பி வழியாக இறங்கி ஒன்றாகி, சுவரில் ஒரு கொம்பில் சுற்றும். அந்தக் கொம்பைத் தரையிலிருந்து ஐந்தரை அடியில் வைத்தோம். மிச்சக் கயிறும் அங்கேயே சுருட்டித் தொங்க வேண்டும். தொங்கும் கயிற்று வளையம் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. எங்கள் ஹால் ஒன்பது அடி உயரம். சட்டத்தை எட்டரைக்கு ஏற்றினால் துணியின் அடி ஆறரையில் நிற்கும். என் கணவர் ஆறடி, தலை இடிக்கவில்லை.

மாட்டியும் முதல் ராத்திரி நடுக் கம்பத்துத் துணிகள் காயவில்லை. டேபிள் ஃபேனைத் துணிக்கு நேராக வைத்திருந்தோம். முதல் வரிசையே காற்றை எல்லாம் மறித்துக்கொண்டது. ஃபேனைக் கம்பத்தின் முனைப்பக்கம், அலமாரி மேல் திருப்பி வைத்து, வரிசைகளுக்கு நடுவே நீளமாக ஓடுகிற மாதிரி விட்டதும் எட்டும் ஒன்றாகக் காய்ந்தன. எதிர்ப்பக்க ஜன்னலை நாலு விரல் திறந்து வைக்க வேண்டும், அல்லது சமையலறை எக்ஸாஸ்டைப் போட வேண்டும். எட்டுத் துணியிலிருந்தும் ஒரு டம்ளர் தண்ணீர் காற்றுக்குள் போகிறது. மூடிய அறையில் அது சுற்றிச் சுற்றி அங்கேயே இருக்கும். துணியைக் கம்பத்தின் மேல் பாதி பாதியாகத் தொங்கப் போடாமல் ஓரத்தில் கிளிப் போட்டு ஒற்றையாக மாட்டுவதும் இதனால்தான். கிளிப் எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பெரியவள் எடுத்துக்கொண்டாள். நீல நாப்பிக்கு நீலக் கிளிப்தான் தருவாள், தீர்ந்துபோனால் தகராறு.

செலவு: பி.யு.எல். 450, எலாஸ்டிக் 40, வெல்க்ரோ 60, நூல் 25, ஊசி 30, இருபது சதுரத்துக்குப் பிகோ 100. ஆக 705. கொடிக்கு பைப் 160, சட்டம் 60, கப்பி 150, ஆங்கர் 60, கயிறு 90, கேபிள் டை 30, எலக்ட்ரீஷியன் 300. ஆக 850. இரண்டும் சேர்ந்து 1,555. டேபிள் ஃபேன் 50 வாட், எட்டு மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். மாதத்துக்கு 12 யூனிட், நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சோப்பும் மெஷினும் ஒரு 200. டயப்பரை முழுக்க விடவில்லை. டாக்டரிடம் போகும்போது, ஊருக்குப் போகும் ரயிலில், இரவு எனக்கு ஒரு நாள் நல்ல தூக்கம் வேண்டும் என்று தோன்றும்போது என்று சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்று போகிறது. அது 360. ஆக 2,160 போன இடத்தில் இப்போது 660.

மறுபடி செய்தால் சிலவற்றை மாற்றுவேன். உறையின் ஓரத்தை மடித்துத் தைக்காமல் நடுவில் மடிகிற பட்டை எலாஸ்டிக்கை வாங்கி ஓரத்தைக் கவ்வித் தைப்பேன். கசிகிற அந்த மடிப்பே இருக்காது. உறையில் ஆறு அதிகம், நாலு போதும். நாப்பி மாற்றும்போது உறை நனையாமல் இருந்தால் துடைத்து மறுபடி போடலாம். வெல்க்ரோவைக் காதுகளில் இரண்டு அங்குலம் நீளமாக வைப்பேன், சின்னவன் வேகமாகப் பருக்கிறான், இப்போதே கடைசி நுனியில்தான் ஒட்டுகிறது. கம்பங்களின் இடைவெளியை 25 சென்டிமீட்டராக்கி, சட்டத்தை ஒரு மீட்டராக வாங்கியிருந்தால் பெரியவளின் யூனிஃபார்மும் அதிலேயே காயும். இப்போதைக்கு அவளுடைய சாக்ஸ் மட்டும் நாப்பிகளுக்கு இடையில் தொங்குகிறது. பழைய வேட்டி இன்னும் ஒன்று கேட்டு மதுரைக்குச் சொல்லியிருக்கிறேன். அனுப்பும் முன் ஒரு நூலை எரித்துப் பார்க்கச் சொல்லி.